தராசு அறையில் அரை மணி நேரம்

அக்காவிடம் ஒன்று கேட்டால் பதில் உடனே வராது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலும் அப்படித்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். நம் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார். பிறகு, "இல்ல, இனிமேதான்" என்பார். நடுவில் போகும் நேரத்தை ஒருநாள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு வரை வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்று ஒரு சைகையே இருந்தது. அக்கா தலையைச் சாய்த்ததும் யாராவது ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றுவார்கள், கணினித் திரையில் சுற்றுமே, அந்த மாதிரி. "அக்கா லோடிங் அவுதுந்தி" என்பார் என் பக்கத்து மேஜைக்காரர், தெலுங்குக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. தெலுங்கிலும் அக்கா, தமிழிலும் அக்கா. ஒரே சொல் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் ஊர்ப்பக்கம், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை அது. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேதியியல் படித்துவிட்டு அதன் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் எழுதும் பதிவேடுகளைப் படித்து, நேரமும் எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. அக்கா அங்கே உதவியாளர். என்னைவிட இருபது வயது மூத்தவர், பத்தாம் வகுப்பு, தராசு அறை அவர் பொறுப்பு. முறைப்படி நான் அவருக்கு மேலே. அதனால் கம்பெனி வாசலுக்கு உள்ளே நான் மேடம். வாசலுக்கு வெளியே, பஸ்ஸில், பாப்பா. பஸ் வாசலைக் கடக்கிற இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. அந்தக் குலுக்கலில் நான் பாப்பாவிலிருந்து மேடமாக மாறுவேன்.

காலை ஷிப்டு வாரங்களில் இருவருக்கும் ஒரே பஸ். அக்கா போலாரத்தில் ஏறுவார். நான் அல்வாலில் ஏறும்போது ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு உள்பக்கம் நகர்ந்திருப்பார். ஜனவரியில் ஆறு மணிக்கு வெளியே எதுவும் இருக்காது. பனியில் ஒரு மரம் வரும், போகும். ராணுவ மதில் ஒன்று வரும், அது முடிவதற்குள் பனி மூடிக்கொள்ளும். டீக்கடை விளக்கு மட்டும் தனியாக, எதிலும் ஒட்டாமல் மிதந்து போகும். பஸ் நகர்கிறதா, நின்றுகொண்டிருக்கிறதா என்றே தெரியாத காலைகள் அவை. அக்கா அந்த நேரம் எதுவும் பேசமாட்டார். தூங்கவும் மாட்டார். நான் கைப்பேசியில் என் ஜெபப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

பட்டியல் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி. விடுதி அறையில் தினமும் பதினைந்து நிமிடம் ஜெபத்துக்கு ஒதுக்கியிருந்தேன்: துதி மூன்று நிமிடம், வேத வாசிப்பு ஐந்து, விண்ணப்பங்கள் ஆறு, அமைதி ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் கைப்பேசியில் மணி அடிக்கும். ஒருநாள் பஸ்ஸில் அக்காவிடம் இதைக் காட்டினேன், சற்றுப் பெருமையாகவே. அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"கடைசில இருக்கிற ஒண்ணு எதுக்கு பாப்பா?"

"அது ஆண்டவர் பேசுறதுக்குக்கா."

"ஒரு நிமிசமா?"

"ஆமா."

தலையைச் சாய்த்தார். வேகத்தடைக்குச் சற்று முன்னால்தான் பதில் வந்தது. "அவரு தொண்டையக் கனைக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுமே."

---

தராசு அறையைப் பார்த்திராதவர்களுக்கு: அது எங்கள் ஆய்வகத்தின் நடுவில் ஒரு சின்ன அறை. அதற்கு இரண்டு கதவுகள். முதலாவது மூடினால்தான் இரண்டாவது திறக்கும். அட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மேஜை தடித்த கருங்கல் பலகை. அதிர்வு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தனியாகத் தரையில் பதித்திருப்பார்கள். அதன் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் காட்டும். உதிர்ந்த ஓர் இமைமயிரை வைத்தாலும் எடை சொல்லிவிடும். உள்ளே பேசக்கூடாது. வேகமாக நடக்கக்கூடாது. வெளியே சாலையில் லாரி போனால் கடைசி இலக்கம் ஒருகணம் நெளிந்துவிட்டு மறுபடி பூஜ்யத்தில் வந்து அடங்கும்.

பஸ் உள்ளே வரும்போது ஆறு இருபத்தைந்து இருக்கும். ஷிப்டு ஏழு மணிக்கு. எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். ஒருநாள் விட்டுப்போன பதிவேட்டை எடுக்க நான் முன்னதாகவே மாடிக்குப் போனேன். விளக்குகள் பாதிதான் எரிந்துகொண்டிருந்தன. தராசு அறையின் கண்ணாடிக்குள் அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் நேராக, இரண்டு கைகளும் மடியில், கண்கள் பாதி திறந்து. உதடு அசையவில்லை. தராசின் பச்சை எண்கள் அவர் கன்னத்தில் மங்கலாக விழுந்திருந்தன. குளத்துக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கரையிலிருந்து பார்ப்பதைப் போல இருந்தது. நான் எடுக்க வந்த பதிவேட்டை எடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

மாலை பஸ்ஸில் கேட்டேன்.

"சும்மா காது குடுத்துட்டு இருந்தேன் பாப்பா."

"யாருக்கு?"

அதற்கு அவர் யோசிக்கவில்லை. "அவருக்குத்தான். வேற யாருக்கு?"

"வீட்ல உக்காரலாம்லக்கா?"

அக்கா சிரித்தார். அவர் வீட்டின் ஒரு பக்கம் வெல்டிங் கடை. இன்னொரு பக்கத்து வீட்டில் விடிவதற்கு முன்பே டிவி. வீட்டுக்குள் மகள், நர்சிங் இரண்டாம் வருடம், பாடத்தை இந்தியில் உரக்கச் சொல்லித்தான் மனப்பாடம் செய்வாள். அக்கா தமிழில் எது கேட்டாலும் அவள் பதில் இந்தியில்தான். சபைக்குப் போனால் கீபோர்டு, டிரம்ஸ், மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். "ஹவ், ஆமா பாப்பா, உண்மையாத்தான் சொல்றேன். இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு சத்தமில்லாத எடம் அது ஒண்ணுதான்."

"அவர் பேசுவாராக்கா?"

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலை, நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்: "பெரும்பாலும் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

---

அக்காவின் அப்பா ரயில்வே பட்டறையில் சம்மட்டி வேலை பார்த்தவர். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம். முப்பது வருடம் இரும்புச் சத்தத்தில் நின்றதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்துவார்கள். அவரும் கத்துவார். அக்கா மட்டும் கத்தமாட்டாராம். அப்பாவுக்கு எதிரில் போய் நின்றுகொள்வாராம், அவராக நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும். பீடி சுற்றி முடிப்பார், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவார், மகள் நிற்பது தெரிந்தும் சில சமயம் பார்க்கமாட்டார். "பாத்துட்டார்னா பேசவே வேணாம் பாப்பா. வாயப் பாத்தே எல்லாம் புரிஞ்சிடும். பாக்க வெக்கிறதுதான் வேலை."

இதை அக்கா ஒரு போக்குவரத்து நெரிசலில், சுசித்ரா சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது, வேறு ஏதோ பேச்சில் சொன்னார். எதற்கும் விளக்கமாகச் சொல்லவில்லை.

நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் சனிக்கிழமை மதியம் பெண்கள் வீட்டு ஜெபம் நடக்கும். விண்ணப்பக் குறிப்பேடு என் பொறுப்பு. பெயர், விண்ணப்பம், தேதி, பதில் என்று நான்கு பத்தி கோடு போட்டு வைத்திருந்தேன். அங்கே பல பேருக்கு ஆண்டவர் தாராளமாகப் பேசினார். எந்த ஏரியாவில் பிளாட் வாங்கலாம், எந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பது வரைக்கும் சொன்னார். அக்கா ஒருநாளும் அப்படி எதையும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை, முடிவு ஜெபத்தை அக்கா செய்யட்டும் என்றார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். அக்கா எழுந்து நின்றது சேலைச் சரசரப்பில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் போனது. யாரோ செருமினார்கள். அடுப்படியில் குக்கர் ஒரு விசில் விட்டது. வீட்டுக்காரம்மா நெளிந்தார். இரண்டாவது விசில். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அக்கா மட்டும் முழுதாக மூடி, தலையைச் சாய்த்து நின்றிருந்தார். மூன்றாவது விசில் வந்தது.

"ஆமென்" என்றார் அக்கா.

"ஸ்தோத்திரம், பருப்பு குழைஞ்சிருக்கும்" என்று வீட்டுக்காரம்மா அடுப்படிக்கு ஓடினார்.

"அந்தம்மாவுக்கு மறந்துபோச்சா என்ன?" என்று ஒருவர் என் காதில் கேட்டார். "எனக்குன்னா ஜெபம் பண்ணச் சொன்னா நிறுத்த முடியாது. இவங்களுக்கு ஆரம்பிக்கவே முடியல."

குறிப்பேட்டில் அன்றைய முடிவு ஜெபம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன்.

ஒரே ஒருமுறை மட்டும் அக்கா தராசு அறையிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தார். "மேடம், இன்னிக்கு ஊருக்கு ஒரு போன் போடுங்க" என்றார். நான் எழுந்துவிட்டேன். "ஏன்க்கா? அவர் சொன்னாரா?" "தெரியல மேடம். மனசுல வந்துச்சு. அவரா நானான்னு எனக்கு எப்பவும் தெரியறதில்ல." நான் வெளியே ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்னட்டி இந்நேரத்துல? வேலையில்லியா ஒனக்கு?" என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. முறுக்கு, பக்கத்து வீட்டு ஆடு, அப்பாவின் செருப்பு என்று பதினோரு நிமிடம் பேசினோம். வைத்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன், ஒன்றரை மாதமாக நான் அம்மாவோடு ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கவில்லை. குறிப்பேட்டின் பதில் பத்தியில் இதையும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

---

மருந்துத் தொழிலில் சேருகிற முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்: எழுதாதது நடக்காதது. எடை போட்டாய், எழுதவில்லை என்றால், போடவில்லை. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எழுதாமல் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தால், அது திருட்டுத்தனம். சில இடங்களில் மாதிரியை முதலில் ரகசியமாக எடைபோட்டுப் பார்ப்பார்கள். சரியாக வராவிட்டால் மறைத்துவிட்டு, சரியாக வருகிற எடையை மட்டும் பதிவு செய்வார்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் தேடுவதே இதைத்தான்.

அந்த வருடம் மருந்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் தணிக்கைக்கு வந்தார். மெலிந்தவர், நரைத்த தலை, அடங்கின குரல். இரண்டாம் நாள் அவர் கதவுப் பதிவைக் கேட்டார், யார் எந்த அறைக்குள் எப்போது போனார்கள் என்று கணினி வைத்திருக்கும் கணக்கை. தராசுப் பதிவேட்டின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தார். காலை ஷிப்டு நாட்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆள் ஆறு இருபத்தெட்டுக்கோ முப்பதுக்கோ உள்ளே. முதல் எடை ஏழு மணிக்கு. நடுவில் அரை மணி நேரம். பதினான்கு மாதம்.

அந்தக் கதவுப் பதிவை வாராவாரம் சரிபார்ப்பது நான். ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. எனக்கு அந்த அரை மணி நேரம் தெரியும். தெரிந்துதான் கையெழுத்திட்டிருந்தேன். எங்கும் எழுதி மட்டும் வைக்கவில்லை.

தர உறுதித் துறைத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. ரகசிய எடை என்று முடிவானால் அக்காவின் வேலை போகும் என்றார். பதினான்கு மாதத்து மருந்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்றார். அக்காவிடம் ஐந்து மணிக்குள் எழுத்துமூலமாக விளக்கம் வாங்கி வா, விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும் என்றார்.

எனக்குத் தெரிந்தது. இருபது நிமிடத்தில் தட்டச்சு செய்துவிட்டேன். தராசு நிலைகொள்வதற்காக அந்த நேரம் காத்திருந்தேன் என்பது சாரம். கீழே அதற்கு ஐந்து காரணங்கள், வரிசை எண் போட்டு: அறை வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், கருவியின் கையேடு சொல்வது, முன் அனுபவம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அந்தத் தராசை நாங்கள் அணைப்பதே இல்லை. அது எப்போதும் நிலைகொண்டுதான் இருக்கும்.

அக்கா தாளை வாங்கிப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். விரலை வைத்து வைத்துப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம்."

"கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்க்கா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தலையைச் சாய்த்தார். யாரும் விரலைச் சுற்றவில்லை. ஆய்வகமே குனிந்து வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு அரை மணி குடுங்க மேடம்."

"கைக்குக்கா?" என்று அவர் பேச்சில் வரும் இந்தி வார்த்தையிலேயே கேட்டேன், ஏன் என்று. எரிச்சல் வந்திருந்தது. "மணி மூணரை. வேலை போயிடும், புரியுதா? உங்க மக படிப்பு என்னாகும்?"

"புரியுது மேடம். அரை மணிதான்."

தராசு அறையை முத்திரை வைத்துப் பூட்டியிருந்தார்கள். அக்கா கீழே இறங்கிப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு உண்டு. தொட்டிக்குக் காற்றடிக்கும் பெரிய இயந்திரம் அங்கேதான் ஓடும்; பக்கத்தில் நின்றால் பல் அதிரும். எங்கள் வளாகத்திலேயே சத்தம் அதிகமுள்ள இடம் அது, அதனாலேயே ஆள் வராத இடம். அக்கா அந்தத் திட்டில் நேராக உட்கார்ந்தார். இரண்டு கைகளும் மடியில். மூன்றாவது மாடிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. தொட்டி நுரையின் மேல் வெயில் விழுந்து நிறம் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு வந்து நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அப்படி ஆவதில்லை.

நான்கு மணிக்கு அக்கா வந்தார்.

"என்ன சொன்னாரு?" அந்தக் கேள்வியை நான் கேட்டபோது கிண்டல் எதுவும் என்னிடம் இல்லை. நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப?"

"அவரு ஒண்ணும் சொல்லலன்னா, எனக்குத் தெரிஞ்சதத்தான் மேடம் நான் எழுதணும்."

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில், நான்கு வரி எழுதினார்: "நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஜெபம் செய்தேன். பேசவில்லை. தராசைத் தொடவில்லை." தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

நான் தட்டச்சு செய்த தாள் என் கையில் இருந்தது. இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னுடையதை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவின் தாளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: இது எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், எழுதாதது என் தவறு. தர உறுதித் தலைவர் அதைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை விட்டுவிடுகிறேன்.

அந்த அம்மையார் அக்காவை நேரில் பார்க்க வேண்டும் என்றார். கூட்ட அறையில் நீள மேஜை. நான் மொழிபெயர்த்தேன்.

"அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது?"

அக்கா தலையைச் சாய்த்து, அம்மையாரின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று என்னை அறியாமலே எண்ணினேன். தலைவரின் பேனா மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. ஐந்து, ஆறு. வெள்ளைக்காரம்மா அவசரப்படவில்லை. பேனா நின்றது.

"ஒண்ணும் நடக்கல."

சொன்னேன்.

"தினமுமா?"

"பெரும்பாலும்" என்றார் அக்கா.

அம்மையார் முதல் தடவையாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, தராசின் உள்நினைவை எடுத்துத் தரச் சொன்னார். அந்தத் தராசு தன்னைத் தொட்ட ஒவ்வொரு தொடுதலையும் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும்: கூண்டின் கதவைத் திறந்தது, பொத்தானை அழுத்தியது, ஒரு துகளை வைத்தது, எடுத்தது. அதை யாராலும் அழிக்க முடியாது. பொறியாளர் வந்து எடுத்துக் கொடுத்தார். கற்றையாக வந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு முதல் வரி. அதற்கு முன்னால் எதுவுமில்லை. ஒரு விரல்கூட இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பதினான்கு மாதமாக எதுவும் நடக்காததற்கு அத்தனை சாட்சி.

ரகசிய எடை இல்லை என்று எழுதினார். கூடவே, வேலைக் காரணம் இல்லாமல் ஓர் ஆள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தது விதிமீறல் என்றும் எழுதினார். அதுவும் சரிதான்.

---

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவைக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். அட்டையில் தராசு அறை அனுமதியை எடுத்துவிட்டார்கள்.

"நல்ல எடம்தான் பாப்பா" என்றார் பஸ்ஸில். "தண்ணி சத்தத்துல யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"அந்த அரை மணி?"

"பரேசான் ஆவாத, கவலய விடு. பாக்கலாம்."

முதல் வாரம் கேன்டீனில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். யாராவது வந்து டீ கொடுத்து, பாவம் அக்கா என்று துக்கம் விசாரித்தார்கள். சிமெண்டுத் திட்டுக்குப் போகக் கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டார். சேமிப்பு அறையில் பம்பு ஓடியது. இரண்டாவது வாரம் முயற்சியை விட்டுவிட்டதைப் போலத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள், தள்ளுவண்டியில் குடுவைகளை வைத்துக் கொண்டுவந்த அக்காவிடம் பக்கத்து மேஜைக்காரர், "அக்கா, தின்னாரா?" என்றார், சாப்பிட்டாயிற்றா என்று.

"ஆச்சு" என்றார் அக்கா, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

சுற்றுவதற்காகத் தூக்கிய விரல் பாதியில் நின்றது. "அரே, அக்கா ஃபாஸ்ட் ஆயிபோயிந்தி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து, அதே நேரத்தில் சிரித்தார். அன்று பஸ்ஸில் நான் எது கேட்டாலும் அவர் உடனுக்குடன் பதில் சொன்னார். நல்ல பதில்கள்தான். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் அதனதன் இடத்தில் பளிச்சென்று இருந்தது.

தணிக்கைக்குப் பிறகு தராசு அறைக்குப் புதிய நடைமுறை எழுத வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. எழுதும் பொறுப்பு, தண்டனை மாதிரி, எனக்கு.

நான் முதலில் அளந்தேன். ஆள் உள்ளே போனதும் உடல் சூட்டில் தராசு எவ்வளவு நேரம் நெளிகிறது என்று இருபது தடவை குறித்தேன். வெளியே நடைபாதையில் கண்ணாடிப் பாத்திரத் தள்ளுவண்டி போகும்போது கடைசி இலக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று இன்னும் இருபது தடவை. நிஜமாகவே ஆடியது. அட்டவணை போட்டேன், சராசரி எடுத்தேன், வரைபடம் வரைந்தேன். பிறகு நடைமுறையின் நான்காவது பிரிவில் இரண்டு வரி எழுதினேன். காலை முதல் எடைக்கு முன், பணியாளர் ஐந்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அறைக்கு எதிரே நடைபாதையில் தள்ளுவண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தள்ளுபவரும் அசையக் கூடாது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், குறிப்பு என்று மூன்று பத்தி. அதில் பொய் ஒன்றுமில்லை. அரை மணிக்குக் காரணம் காட்ட என்னால் முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்குத்தான் அளவுகள் இருந்தன.

தலைவர் இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். கையெழுத்திட்டார்.

புதிய நடைமுறை தொடங்கிய காலை, தராசு அறை என் முறை. இரண்டு கதவும் எனக்குப் பின்னால் மூடின. ஏழு மணி என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன். கைப்பேசி வெளியே இருந்தது, பட்டியல் அதற்குள். ஒரு நிமிடம் போயிருக்கும். நான் மனதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. பச்சை எண்களில் கடைசி மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. எங்கேயோ வெகுதூரத்தில் ஒரு லாரி போய் மறைந்தது. குளிர்காற்றின் மெல்லிய ஓசை. அதற்கு அடியில் எதுவுமில்லை. எதுவுமில்லை என்பதற்கு இவ்வளவு ஆழம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். விளக்கு பாதிதான் எரிந்தது. தள்ளுவண்டியில் குடுவைகள் அடுக்கு அடுக்காக, ஒன்றுகூடச் சலசலக்காமல். வண்டியின் பிடியில் இரண்டு கைகளும். என்னைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படியே நின்றார். யாரோ நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் அங்கிருந்து நகரப்போவதில்லை என்பதைப் போல.

கடைசி இலக்கம் பூஜ்யத்தில் அடங்கியது. முடிந்த நேரம் ஏழு ஐந்து. குறிப்பு என்ற இடத்தில், ஒன்றுமில்லை என்று எழுதினேன். எடை போட்டு முடித்துவிட்டு வெளியே வந்தேன். வண்டி இன்னும் அங்கேயே நின்றது.

"சாப்பிட்டீங்களாக்கா?"

அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நான் எண்ணத் தொடங்கினேன். மூன்று, நான்கு. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து விரலைத் தூக்கினார். ஐந்து. ஆறு.